செவ்வாயில் ஒரு நீரேற்று நிலையம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் கைப்பேசியிலும் கணினியிலும் விளையாட்டே கதியென்று கிடப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளரின் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பணம் கட்டி ஆடும் ரம்மியையும், ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகளையும், பொறுமையாக அமர்ந்து ஓர் ஊரையே கட்டி எழுப்பும் விளையாட்டுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதன்மேல் ‘இணையச் சூது’ என்று எழுதி ஒட்டியிருப்பது சரியன்று என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். 67 வயதில், கடந்த எட்டு மாதங்களாக, மாலையில் ஒரு மணி நேரம் அப்படியொரு விளையாட்டை ஆடி வருகிறவன் என்ற முறையில் எனக்கு அதற்கு ஓரளவு தகுதியும் உண்டு.

நான் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் பராமரிப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நீரேற்று நிலையமும் மேல்நிலைத் தொட்டியும் அவற்றுக்கிடையே கிலோமீட்டர் கணக்கில் ஓடும் குழாயும்தாம் என் உலகம். கணினியில் கடிதம் தட்டுவதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. என் மகள் வயிற்றுப் பேரன் பொறியியல் கல்லூரி விடுதிக்குப் போகும்போது தன் பழைய மடிக்கணினியை என்னிடம் விட்டுச் சென்றான். அதில் அவன் தள்ளுபடிக் காலத்தில் வாங்கிப் போட்டிருந்த ‘சர்வைவிங் மார்ஸ்’ என்ற விளையாட்டும் இருந்தது. “தாத்தா, இதுல தண்ணி, கரண்ட், பைப் எல்லாம் வரும், உங்களுக்குப் புடிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான். பிடிக்கும் என்றுதான் சொன்னானே தவிர, தூக்கத்தைக் கெடுக்கும் என்று சொல்லவில்லை.

விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பல்கேரியாவின் சோபியா நகரில் உள்ள ஹேமிமான்ட் கேம்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது; சுவீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் இன்டராக்டிவ் 2018 மார்ச் 15 அன்று வெளியிட்டது. செவ்வாய்க் கோளில் மனிதர் வாழ ஒரு குடியிருப்பை அமைத்து, அதை விழாமல் நிறுத்தி வைப்பதே ஆட்டக்காரரின் வேலை. முதலில் எந்த நாட்டின் அல்லது எந்த அமைப்பின் ஆதரவில் போகிறோம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு என்பதால் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. பிறகு செவ்வாயின் உருண்டையைச் சுழற்றி இறங்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். மேடு பள்ளங்கள் அக்கோளின் உண்மையான நில அளவைத் தரவுகளை வைத்தே அமைக்கப்பட்டவை. ஓர் இடத்தில் விரலை வைத்தால் அங்கே உலோகம் எவ்வளவு, நீர் எவ்வளவு, புழுதிப் புயலும் குளிரலையும் விண்கல் வீழ்ச்சியும் எந்த அளவுக்குத் தொல்லை தரும் என்ற மதிப்பீடு பக்கத்தில் வருகிறது. மனை வாங்குகிறவர் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்பதைப் போன்றதுதான். பேரன் ஒலிம்பஸ் மலையருகே இறங்கச் சொன்னான். அது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயரம் கொண்டது, பார்க்க அழகாக இருக்கும் என்றான். நான் நீர் அதிகமாகக் காட்டிய ஒரு சமவெளியைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்து ராக்கெட்டில் ஏற்ற வேண்டிய சரக்கின் பட்டியல். எடைக்கு வரம்பு உண்டு, பணத்துக்கும் வரம்பு உண்டு. முதல் ராக்கெட்டில் மனிதர் யாரும் போவதில்லை. சக்கரம் வைத்த சிறு இயந்திர ஊழியர்களே போகிறார்கள். இவற்றை விளையாட்டில் ட்ரோன் என்கிறார்கள், பறப்பவை அல்ல. செவ்வாய் மண்ணைத் தோண்டிக் கான்கிரீட் செய்யும் இயந்திரம், சூரியத் தகடு, காற்றிலிருந்து உயிர்வளி (ஆக்சிஜன்) பிரிக்கும் இயந்திரம், நிலத்தடிப் பனியிலிருந்து நீர் எடுக்கும் இயந்திரம், மின்கம்பி, குழாய், தொட்டி, மின்கலம் என்று எல்லாவற்றையும் அவை அமைத்து, ஒரு கண்ணாடிக் குவிமாடமும் எழும்பி, அதற்குள் காற்றும் நீரும் மின்சாரமும் தடையின்றி ஓடுகின்றன என்று உறுதியான பிறகே முதல் 12 பேரை அழைக்க முடியும். அந்த 12 பேர் 10 செவ்வாய் நாள்கள் தாக்குப்பிடித்துக் காட்ட வேண்டும், அல்லது அதற்குள் அங்கே ஒரு குழந்தை பிறக்க வேண்டும்; அதுவரை அடுத்த பயணிகள் ராக்கெட்டுக்கு அனுமதி இல்லை. செவ்வாயின் ஒரு நாளைச் ‘சோல்’ என்கிறார்கள். நம் நாளைவிட 39 நிமிடமும் சில விநாடிகளும் அதிகம்.

என் முதல் குடியிருப்பு 43ஆம் சோலில் அழிந்தது. எப்படி என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த விளையாட்டின் சாரமே அதில்தான் இருக்கிறது.

முதல் குவிமாடத்தில் 12 பேர் நலமாக இருந்தார்கள். அடுத்த ராக்கெட்டில் மேலும் சிலர் வந்தார்கள். ஒரு குழந்தையும் பிறந்தது. அந்த மகிழ்ச்சியில் இரண்டாவது குவிமாடத்துக்கு அடிக்கல் நாட்டினேன். கையிருப்பில் கான்கிரீட்டும் உலோகமும் நிறைய இருந்தன. இயந்திர உதிரி என்ற பொருள் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அதை உலோகத்திலிருந்து அங்கேயே தயாரிக்க ஓர் ஆலை கட்டலாம். நான் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். பூமியிலிருந்து வரவழைத்தால் போகிறது என்பது என் எண்ணம். நீர் எடுக்கும் இயந்திரங்கள் எனக்கு இரண்டு. ஓடி ஓடித் தூசி படிந்து பழுதுக்கு நிற்கும்போது ஒவ்வொரு முறையும் அவை இயந்திர உதிரியைக் கேட்கும். ஒரு நாள் முதல் இயந்திரத்தின் தலைமேல் பழுதுக் குறி தோன்றியது. கையிருப்பைப் பார்த்தேன்: சுழியம். மறுநாள் இரண்டாவதும் நின்றது.

பதறவில்லை. பூமியில் வாங்கலாம் என்று பட்டியலைத் திறந்தேன். பணம் இல்லை. பணம் வேண்டுமென்றால் தோண்டி வைத்திருக்கும் அரிய உலோகத்தைப் பூமிக்கு அனுப்பி விற்க வேண்டும். அதை ஏற்றிச் செல்ல ராக்கெட் இறங்குதளத்தில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் எரிபொருள் நிரப்பியிருக்கவில்லை. எரிபொருளை அங்கேயே ஓர் ஆலையில் தயாரிக்கிறார்கள். எதிலிருந்து? நீரிலிருந்து. நீர் எடுக்கும் இயந்திரம் ஓட உதிரி வேண்டும், உதிரிக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு ராக்கெட் பறக்க வேண்டும், ராக்கெட்டுக்கு எரிபொருள் வேண்டும், எரிபொருளுக்கு நீர் வேண்டும். சங்கிலியின் இரு முனைகளும் என் கழுத்தில் வந்து கோத்துக்கொண்டன. தோட்டத்துக்குப் போகும் நீரை மூடினேன். எரிபொருள் ஆலையை நிறுத்தினேன். தொட்டியில் இருந்தது இரண்டு சோலுக்கு வந்தது. புதிதாகக் கட்டிய இரண்டாவது குவிமாடம் விளக்கெரிந்துகொண்டு, ஆளில்லாமல், கல்யாண மண்டபம்போல் நின்றது.

அன்றிரவு பேரனைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது: “மோட்டார் ரூமுக்கு வெள்ளை அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்பேர் வாங்கி வைக்கணும்னு நீங்கதானே தாத்தா சொல்வீங்க!” உண்மை. 31 ஆண்டுகளாக அதைத்தான் சொல்லி வந்தேன். புதுத் தொட்டிக்கு நிதி உடனே வரும், கல்வெட்டும் வரும். பேரிங்குக்கும், பம்பின் தண்டில் ஒழுக்கைத் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங்குக்கும் எழுதிய கோப்பு மேசையிலேயே தூங்கும் என்று ஓயாமல் குறைபட்டுக்கொண்டவன், தன் கையில் முழு அதிகாரமும் வந்தவுடன் முதலில் செய்தது என்னவென்றால் இரண்டாவது குவிமாடத்துக்கு அடிக்கல் நாட்டியதுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆனால் என்னைப் பற்றி இப்படியொரு செய்தியை வேறு எந்தப் பொழுதுபோக்கும் எனக்குச் சொன்னதில்லை.

பின்னர் அவனே ஒரு வழியும் காட்டினான். கட்டிய ஒன்றைக் கலைத்தால் அதற்குப் போட்ட பொருளில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்; ஆகவே நின்றுபோன இரண்டு நீர் இயந்திரங்களில் ஒன்றைப் பிரித்து, அதில் கிடைக்கும் உதிரியை மற்றொன்றுக்குப் போட்டால் அது எழுந்து நிற்கும். ஒரு பம்பைப் பிரித்து இன்னொரு பம்பை ஓட்டுவது எங்கள் தொழிலில் நாள்தோறும் நடப்பது. பெரிய அதிகாரிகள் கண்ணில் படாமல் நானே பலமுறை செய்திருக்கிறேன். விளையாட்டில் மட்டும் அது எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது குடியிருப்பில் அதே நெருக்கடி வந்தபோது அப்படித்தான் தப்பினேன்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் பகைவர் படை என்று பெரிதாக எதுவும் இல்லை, பகை தூசிதான். ஒவ்வொரு கட்டடத்திலும் அது சோலுக்குச் சோல் படிகிறது. ராக்கெட் இறங்கினாலும் ஏறினாலும் சுற்றிலும் புழுதி எழுகிறது. அதனால் சூரியத் தகடுகளை இறங்குதளத்தின் அருகில் வைக்கக் கூடாது என்பதை ஒருமுறை நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். புழுதிப் புயல் வந்தால் உயிர்வளி பிரிக்கும் இயந்திரமும் காற்றின் ஈரத்திலிருந்து நீர் எடுக்கும் கருவியும் நின்றுவிடும். தொட்டியில் சேர்த்து வைத்ததைக் கொண்டு ஓட்ட வேண்டியதுதான். இது கற்பனை மிகைப்பாடு என்று யாரும் எண்ண வேண்டாம். விளையாட்டு வெளியான அதே 2018ஆம் ஆண்டில் செவ்வாய் முழுவதையும் ஒரு புழுதிப் புயல் போர்த்தியது. 2004 ஜனவரியில் இறங்கி, 90 சோல் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்டு, ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்த நாசாவின் ஆப்பர்சூனிட்டி ஊர்தி, அந்தப் புயலில் சூரிய ஒளி கிடைக்காமல் 2018 ஜூன் 10க்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இறங்கிய இன்சைட் கலத்தின் தகடுகளில் தூசி மெல்ல மெல்லப் படிந்தது. அதை அகற்ற 2021இல் பொறியாளர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: கலத்தின் கையால் மணலை அள்ளித் தகட்டின் அருகே தூவினார்கள், காற்றில் உருண்ட மணல் துகள்கள் நுண்தூசியையும் தள்ளிக்கொண்டு போயின. சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்குவதற்கு இது தூரத்து உறவு. ஆயினும் இறுதியில் தூசியே வென்றது. 2022 டிசம்பரில் இன்சைட்டும் ஓய்ந்தது.

குழாய்களும் மின்கம்பிகளும் நீள நீளக் கசிவும் அறுபடுதலும் கூடும் என்ற விதியையும் விளையாட்டை ஆக்கியவர்கள் வைத்திருக்கிறார்கள். குழாய் நீண்டால் இணைப்பு கூடும், இணைப்பு கூடினால் ஒழுக்கு கூடும் என்பது எந்த ஃபிட்டருக்கும் தெரிந்த கணக்கு; சோபியா நகரத்து இளைஞர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யாரோ! குளிரலை வந்தால் மின்சாரத் தேவை ஏறும், நீர்த்தொட்டி உறைந்து நிற்கும். இரவு முறைப் பணியில் போட்டால் பணியாளரின் மனநலம் சரியும்.

விவசாயமும் உண்டு. குவிமாடத்துக்குள் பண்ணை அமைத்துக் கோதுமை, உருளைக்கிழங்கு, சோயா போன்றவற்றை மாற்றி மாற்றிப் பயிரிட வேண்டும். மண்ணின் வளம் ஒரு விழுக்காட்டு எண்ணாகத் தெரியும். உணவுக்கு ஆசைப்பட்டு விளைச்சல் கூடுதலான பயிரையே போட்டுக்கொண்டிருந்தால் வளம் இறங்கும். இடையில் ஒரு போகம் உண்ண எதுவும் தராத மூடுபயிரை இட்டால் ஏறும். பேரனுக்கு இது புரியவில்லை. உணவே தராத பயிருக்கு எதற்கு நிலத்தை ஒதுக்க வேண்டும் என்று கேட்டான். தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதை அவனுக்கு நான் விளக்கினேன். அவனுடைய கொள்ளுத்தாத்தா வயலில் செய்ததை அவன் கடைசியில் செவ்வாயில் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

மனிதர்களைக் கையாளும் பகுதிதான் எனக்கு ஒவ்வாதது. பூமியிலிருந்து வர விரும்புவோரின் பட்டியல் வரும். ஒவ்வொருவருக்கும் வயதுப் பிரிவு, தொழில், நற்குணம், குறை ஆகியவை எழுதப்பட்டிருக்கும். குடிப்பழக்கம் ஒரு குறை, சோம்பல் ஒரு குறை. தங்கள் கட்டுரையாளர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இதில் உண்டு: சூதாடும் பழக்கமும் அங்கே ஒரு குறையாகவே இருக்கிறது; அந்தப் பழக்கமுடையவர் குவிமாடத்தில் உள்ள சூதாட்ட விடுதிக்குப் போனால் மனநலம் குலைந்து திரும்பக்கூடும். சூது என்று அவர் பழிக்கும் விளையாட்டு, சூதைப் பற்றிக் கொண்டிருக்கும் கருத்து இதுதான். ஆனால் முதியோரைப் பற்றிய அதன் கருத்து எனக்கு உறுத்துகிறது. முதுமை அடைந்தவர் வேலை செய்யார். ஆனால் உண்பார், குடிப்பார், ஒரு வீட்டை அடைத்துக்கொள்வார். குறிப்பிட்ட ஒரு தொழில்நுட்பத்தை ஆராய்ந்து கண்டுபிடித்தால்தான் அவருக்கு மீண்டும் வேலை கிடைக்கும். எனவே அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பட்டியலிலேயே முதியோரை வடிகட்டிவிடுகிறார்கள். நானும் வடிகட்டினேன். வடிகட்டிய பிறகுதான், நானே விண்ணப்பித்திருந்தால் என் குடியிருப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்காது என்பது உறைத்தது. இப்போது ஒவ்வொரு ராக்கெட்டிலும் பிடிவாதமாக ஒரு முதியவரை ஏற்றி விடுகிறேன். அவரால் எந்தப் பயனும் இல்லை. இருக்கட்டும்.

விளையாட்டு சொல்வதையெல்லாம் அறிவியல் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. உயிர்வளி பிரிக்கும் இயந்திரத்துக்கு அதில் ‘மோக்ஸி’ என்று பெயர். அது நாசா உண்மையிலேயே செய்த ஒரு கருவியின் பெயர்; 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கிய பெர்செவரன்ஸ் ஊர்தியில் அது இருந்தது. செவ்வாயின் மெல்லிய காற்றில் 95 விழுக்காடு கரியமில வாயு. அதைச் சூடேற்றிப் பிளந்து உயிர்வளி எடுப்பதே அதன் வேலை. 2023 வரை 16 முறை ஓட்டி அது தந்தது மொத்தம் 122 கிராம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் தேவை என்று கொண்டால் அது மூன்றரை மணி நேர மூச்சு. செய்து காட்டியது பெரிய சாதனைதான். ஆனால் விளையாட்டில் அதே பெயருடைய இயந்திரங்கள் சிலவற்றை நட்டுவிட்டால் ஓர் ஊரே மூச்சு விடுகிறது. பயணத்திலும் இதே சலுகை. விளையாட்டில் சில சோல்களில் ராக்கெட் வந்து சேரும். மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டுச் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது 2014 செப்டம்பர் 24 அன்று. அதிலும் பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு வாகாக அமைவது 26 மாதங்களுக்கு ஒருமுறைதான். என் நீர் இயந்திரம் உண்மைச் செவ்வாயில் நின்றிருந்தால் உதிரி வந்து சேர இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்கும். கதிர்வீச்சும், மண்ணில் கலந்துள்ள பெர்குளோரேட் என்ற நச்சு உப்புகளும், பூமியில் உள்ளதில் 38 விழுக்காடே ஆன ஈர்ப்பில் ஒரு குழந்தை எப்படி வளரும் என்ற கேள்வியும் ஆட்டத்தில் அனேகமாகத் தலைகாட்டுவதே இல்லை.

மூடிய குவிமாடத்துக்குள் மனிதர் வாழ்ந்து பார்த்த உண்மைச் சோதனை ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது. ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடி வளாகத்தில் 1991 செப்டம்பர் 26 முதல் ஈராண்டுகள் எட்டுப் பேர் வாழ்ந்தார்கள். உள்ளேயிருந்த காற்றில் 20.9 விழுக்காடாக இருந்த உயிர்வளி 16 மாதங்களில் ஏறத்தாழ 14 விழுக்காடாகச் சரிந்தது. வெளியிலிருந்து செலுத்தித்தான் அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் உயிர்வளியை உண்டு கரியமில வாயுவை வெளிவிட, அந்த வாயுவைச் செடிகளுக்குப் போகவிடாமல் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது என்று பின்னர் கண்டறிந்தார்கள். சுவரே மூச்சைத் திருடும் என்று யார் எண்ணியிருப்பார்கள்? இந்த நுட்பம் விளையாட்டில் இல்லை. இருந்திருந்தால் நான் 43ஆம் சோல்வரைகூடப் போயிருக்க மாட்டேன்.

இப்போது கட்டுரைக்கு வருகிறேன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தின என்பதை நாம் அறிவோம். அவற்றைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் இணைய விளையாட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிப் பண விளையாட்டுகளைத் தடை செய்தது. அந்த மத்தியச் சட்டமேகூடப் பணம் வைத்து ஆடுவதை வேறாகவும், மின்னணு விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் வேறாகவும் பிரித்துப் பார்க்கிறது. சட்டம் பிரித்ததைக் கட்டுரை சேர்த்துக் கட்டியிருக்கிறது. நான் ஆடும் விளையாட்டில் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பிறகு பந்தயமும் இல்லை, பரிசும் இல்லை. எதிரே அமர்ந்து என் பணத்தைத் தட்டிப் பறிப்பவரும் இல்லை. இணைய இணைப்பே இல்லாமலும் ஆடலாம்.

இதில் தீங்கே இல்லை என்று சாதிக்கவும் நான் வரவில்லை. ‘இந்த ஒரு சோல் முடியட்டும்’ என்று சொல்லிக்கொண்டே இரவு 11 மணியைத் தாண்டியது ஒருமுறை அல்ல. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. கூடுதல் பகுதிகள் என்று தனித்தனியாக விலைக்கு விற்கிறார்கள். செவ்வாயையே பசுமையாக்கும் ‘கிரீன் பிளானட்’ என்ற பகுதி 2019இல் அப்படி வந்தது. பேரன் அதைக் கேட்கிறான். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. முதலில் இருக்கிற குழாயில் ஒழுக்கை நிறுத்தலாம் என்பது என் கட்சி. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவிருக்கும் பிள்ளை நாள்முழுதும் இதில் அமர்ந்திருந்தால் பெற்றோர் கணினியை மூடத்தான் வேண்டும். ஆனால் மூடுவதற்கு முன் ஐந்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து, பிள்ளை என்னதான் ஆடுகிறது என்று பார்த்தால் திட்டுவதையாவது பொருத்தமாகத் திட்டலாம்.

இதையொட்டித் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் ஞாயிறு இணைப்பில் திரைப்படத்துக்கு விமர்சனம் வருகிறது, புத்தகத்துக்கு வருகிறது, உணவகத்துக்கும் வருகிறது. கணினி விளையாட்டு மட்டும் குற்றச் செய்திப் பக்கத்திலோ அறிவுரைக் கட்டுரையிலோதான் தலைகாட்டுகிறது. மாதம் ஒன்றையாவது எடுத்து, அதை ஆடத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, எது நன்று, எது பிழை, எந்த வயதினருக்கு ஏற்றது என்று எழுதச் செய்யுங்கள். எழுதப் பொருளுக்குப் பஞ்சமில்லை. சந்திரயான்-2இன் சோதனைகளுக்காக நிலவின் மண்ணைப் போன்ற மண்ணை உருவாக்க இஸ்ரோ பயன்படுத்திய அனார்த்தோசைட் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. வேற்றுக்கோளில் மண்ணைத் தோண்டிக் கட்டடம் கட்டும் விளையாட்டை ஆடுகிற நம் ஊர்ப் பிள்ளைக்கு இவையெல்லாம் அயல் செய்திகள் அல்ல.

அப்படி எழுதும்போது சொற்களையும் நீங்களே வகுத்துத் தரலாம். இந்த விளையாட்டில் தமிழ் இல்லை. பேரனும் நானும் பேசிக்கொள்வது பாதி ஆங்கிலம். ஆங்கிலத்தில் இதைச் செவ்வாய்க் காலனி என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். நம்மிடம் ‘காலனி’ என்ற சொல் சுமந்து வந்த இழிவை எண்ணி, அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். இங்கே விட்டொழித்த சொல்லைச் செவ்வாய்க்கு ஏற்றி அனுப்ப வேண்டாம் என்றுதான் நான் இக்கடிதம் முழுவதும் ‘குடியிருப்பு’ என்றே எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் தங்களிடம் இருந்தால் அறிந்துகொள்ள ஆவல்.

தற்போது ஓடிக்கொண்டிருப்பது என்னுடைய நான்காவது குடியிருப்பு. 118ஆம் சோல் நடக்கிறது. 86 பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஏழு பேர் முதியோர். இயந்திர உதிரி ஆலை இரவு முறை இல்லாமல் ஓடுகிறது. மூன்றாவது குவிமாடத்துக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். உதிரிக் கையிருப்பு 40ஐத் தாண்டும்வரை அதில் கை வைக்கக் கூடாது என்று விடுதியிலிருந்து உத்தரவு. இன்று காலை நிலவரம் 34.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்,
திண்டுக்கல்.